மாமாவின் டைனமோவும் மலைக்கு ஒரு மின்சார சைக்கிளும்

இந்தப் பக்கம் எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. வேலை, குளிர், பெண்ணுக்குப் பரீட்சை என்று வழக்கமான சாக்குகள்தான் :-) போன வாரம் ஊரிலிருந்து வந்த ஒரு போன் மறுபடி எழுத வைத்துவிட்டது.

கூப்பிட்டது என் தம்பி மகன். வீடு மூணாறு எஸ்டேட் லயத்தில், வேலை சின்னக்கானல் பக்கம் ஒரு ரிசார்ட்டில். இரவு ஷிப்ட் முடியும்போது கடைசி பஸ் போயிருக்கும். ஆட்டோவுக்குக் கொடுத்தால் சம்பளத்தில் பாதி போய்விடும். ஒன்பது கிலோமீட்டர், அதிலும் கடைசிப் பகுதி நெஞ்சு முட்டும் ஏற்றம்.

"பெரியப்பா, எலக்ட்ரிக் மவுண்டன் பைக் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். மோட்டார், பேட்டரி, லைட்டு எல்லாம் உள்ளயே வருது. மூணு மாடல் அனுப்பியிருக்கேன், எது எடுக்கலாம்னு சொல்லுங்க."

"எல்லாம் சரிடா. மோட்டார் சார்ஜ் தீர்ந்து நின்னா, லைட்டு எரியுமா, அணையுமா?"

"லைட்டு தானே பெரியப்பா, அதெல்லாம் சும்மா கூட வர்றது" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று அவனுக்குச் சொன்னதை விரித்து எழுதியதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காப்பி எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

சைக்கிள் ஊரும் சைக்கிள் இல்லாத ஊரும்

கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றுகிறேன். எனக்கு இரண்டு ஊர். அம்மா பிறந்தது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அப்பா பிறந்தது இடுக்கி மாவட்டம் மூணாறில். இரண்டுமே கேரளம், இரண்டிலும் எங்கள் வீட்டில் தமிழ். 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது, தமிழ் பேசும் மக்கள் நிறைய இருந்த சித்தூர்ப் பகுதியும் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களும் கேரளத்தின் பக்கம் நின்றுவிட்டன. அந்தச் சண்டையெல்லாம் இன்னொரு பதிவுக்கு. இங்கே சொல்ல வந்தது நிலத்தைப் பற்றி.

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்து வழி விடுகிறது. அந்தக் கணவாய் வழியாகத்தான் 1862-லேயே போத்தனூரிலிருந்து மேற்குக் கரைக்கு ரயில் போனது. அம்மா ஊர் அந்தக் கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கிறது. நிலம் தட்டை. ஆடி மாதம் காற்று அடித்தால் மட்டும் சைக்கிள் மிதிப்பது தண்டனை, மற்ற நாளெல்லாம் சைக்கிள்தான் ராஜா. வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம் எல்லாம் சைக்கிளில் போய்வரும் தூரம். பால்கேன், கள்ளுக்கேன், நிலக்கடலை மூட்டை, பெண்டாட்டி, பிள்ளை என்று எல்லாமே அந்தக் கேரியரில் ஏறும்.

அப்பா ஊரில் சைக்கிளே கிடையாது என்று சொன்னாலும் தப்பில்லை. மூணாறு டவுனே கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம். எங்கு போனாலும் ஒன்று ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். ஏற்றத்தில் தள்ள வேண்டும், இறக்கத்தில் பிரேக் ரப்பர் கருகும். மனிதன் சைக்கிளில் போவதற்குப் பதில் சைக்கிள் மனிதன் மேல் போகும் ஊர் அது. எங்கள் லயத்தில் நான் பத்தாவது படிக்கும்வரை எனக்குத் தெரிந்து ஒரு வீட்டிலும் சைக்கிள் இல்லை. கொழுந்துக்காட்டுக்கும் பேக்டரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடைதான்.

மாமா கொண்டு வந்த வண்டி

1949-ல் சென்னை அம்பத்தூரில் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கின. பிறகு ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. பெயர்கள் நம் வீட்டுப் பெயர்கள் ஆகிவிட்டன. கொழிஞ்சாம்பாறையில் என் தாய்மாமாவிடம் இருந்தது ஒரு கறுப்பு ஹெர்குலிஸ். அவருக்கு வண்டியைவிடப் பெருமை அதன் டைனமோவில். பின்சக்கரத்தின் பக்கத்தில் சின்னப் பாட்டில் மாதிரி தொங்கும். விரலால் ஒரு தட்டு தட்டினால் டயரோடு உரசிக்கொண்டு "ங்ஙீ...ங்" என்று பாடும், முன்னால் மஞ்சள் வெளிச்சம் ஓடும். அந்தச் சத்தம் கேட்டவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

சைக்கிள் விளக்குக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருந்த 1880 வாக்கில், பர்மிங்ஹாமில் ஜோசப் லூகாஸ் எண்ணெய் விளக்கு செய்து விற்றார். அடுத்து வந்தது கார்பைடு விளக்கு. நம் ஊரில் மாம்பழத்தைக் குறுக்கு வழியில் பழுக்க வைக்கப் போடுகிறார்களே, அதே கார்பைடு கல். அதன் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் அசிட்டிலீன் வாயு வரும், பற்ற வைத்தால் பளீர் வெள்ளை. வெளிச்சம் நன்றாக இருக்கும், ஆனால் தினமும் சாம்பலை வழித்துக் கழுவ வேண்டும், நாற்றமும் உண்டு. அதன் பிறகுதான் டைனமோ. நான் இப்போது குப்பை கொட்டும் இதே ஸ்டுட்கார்ட்டில் ராபர்ட் போஷ் நிறுவனம் 1923-ல் சைக்கிள் விளக்கு விற்கத் தொடங்கியது. எண்ணெய் வேண்டாம், கல் வேண்டாம், மிதித்தால் வெளிச்சம். ஏழைக்கு இதைவிட என்ன வேண்டும்?

சட்டமும் கூடவே வந்தது. இருட்டிய பிறகு விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும். "டபுள்ஸ்" போனாலும் பிடிக்கும். அபராதம், இல்லையென்றால் காற்றைப் பிடுங்கி விடுவார்கள். அம்பது வயதைத் தாண்டிய எந்தத் தமிழரிடமும் இதற்கு ஒரு கதை இருக்கும். என் மாமாவோ டைனமோ வைத்திருந்ததால் போலீஸைப் பார்த்தால் வேண்டுமென்றே மெதுவாகப் போய் வணக்கம் வைப்பார் :-)

மெதுவாகப் போவார் என்றேனா? அங்கேதான் டைனமோவின் குட்டு இருக்கிறது. சாதாரண சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட். ஆனால் அந்த 3 வாட் முழுதாக வர மணிக்கு 15 கிலோமீட்டர் வாக்கில் சக்கரம் சுற்ற வேண்டும். வேகம் குறைந்தால் வெளிச்சமும் குறையும். தட்டையான கொழிஞ்சாம்பாறை ரோட்டில் இது ஒரு குறையே இல்லை. மலையில்?

1987 கிறிஸ்துமஸ் விடுமுறை. மாமா தன் ஹெர்குலிஸைப் பஸ் மேல் ஏற்றி, பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று சுற்றி மூணாறுக்குக் கொண்டு வந்துவிட்டார். "அத்தான் ராத்திரி ஷிப்டுக்கு நடந்து போறாரு, வண்டியை இங்கயே விட்டுட்டுப் போறேன்" என்று அம்மாவிடம் சொன்னார். அப்பா சிரித்தார். "மாப்ள, இது உங்க ஊரு இல்ல" என்றார். மாமா கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் என்னைக் கேரியரில் வைத்துக்கொண்டு பஜாருக்குப் போனார். இறங்கும்போது சொர்க்கம். திரும்பும்போது இருட்டிவிட்டது, பனியும் இறங்கிவிட்டது.

ஏற்றம் தொடங்கியது. மாமா எழுந்து நின்று மிதித்தார். வேகம் குறையக் குறைய முன்விளக்கு மஞ்சளிலிருந்து சிவப்பாகி, கடைசியில் பீடி நுனி மாதிரி ஆகிவிட்டது. இறங்கித் தள்ள ஆரம்பித்தோம். அதுவும் அணைந்தது. வளைவில் மேலிருந்து ஒரு ஜீப் வந்தது. டிரைவரைக் குறை சொல்ல முடியாது. பனியில் கறுப்பு வண்டி, கறுப்பு மனிதர்கள், ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. மாமா என்னைத் தேயிலைச் செடிக்குள் தள்ளிவிட்டார். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. சைக்கிள் எட்டு மாதிரி மடங்கிவிட்டது. மாமாவின் இடது கால் இரண்டு இடத்தில் உடைந்தது. கடைசிவரை அவர் சாய்ந்துதான் நடந்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வெளிச்சம் வேணும்கிற எடத்துலதான்டா அது அணைஞ்சு போச்சு."

மலையில் வெளிச்சம் யாருக்கு வந்தது

வளர்ந்த பிறகு ஊர் வரலாற்றைப் படித்தபோது, மாமாவின் அந்த வாக்கியம் சைக்கிளுக்கு மட்டும் பொருந்துவது இல்லை என்று தெரிந்தது.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு ராஜாவிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். 1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி பிறந்தது. தேயிலை விளைந்ததும் அதைக் கீழே கொண்டு போக வழி வேண்டுமே? 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். சின்னச் சக்கரங்கள் தண்டவாளத்தில் ஓடும், சாயாமல் இருக்கப் பெரிய சக்கரம் ஒன்று பக்கத்தில் மண்ணில் உருளும், இழுப்பது மாடு. 1908-ல் அது இரண்டடி அகல ரயிலாக மாறியது. ரயில் டாப் ஸ்டேஷன் வரை போகும். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கொண்டு தமிழ்நாட்டுப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகக் கப்பலுக்குப் போகும். 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் இந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் அதைத் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்பார்கள். ரயில் திரும்ப வரவே இல்லை. பழைய ஸ்டேஷன் கட்டடம் மட்டும் தேயிலைக் கம்பெனி அலுவலகமாக இன்னும் நிற்கிறது.

ஆக, தேயிலைக்கு மோனோ ரயில், நிஜ ரயில், ரோப்வே. அதைப் பறித்தவர்களுக்கு? திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் கங்காணிகள் பின்னால் மலையேறி வந்த எங்கள் பாட்டன் பூட்டிகளுக்குக் கால்நடைதான்.

மின்சாரமும் அப்படியே. கம்பெனி தன் தேவைக்குப் பள்ளிவாசலில் சிறிய நீர்மின் நிலையம் ஒன்றை 20-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்டது. சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில், 1940 மார்ச்சில், திருவிதாங்கூர் அரசின் பள்ளிவாசல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. இன்றைய கேரளத்தின் முதல் பெரிய நீர்மின் திட்டம் அது. 1976-ல் இந்திரா காந்தி இடுக்கித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். சுமார் 169 மீட்டர் உயர வளைவு அணை, மூலமட்டத்தில் மலைக்குள் குடைந்த மின் நிலையம், 780 மெகாவாட். மாநிலத்துக்கே வெளிச்சம் கொடுக்கும் மாவட்டம் எங்களுடையது. நான் எழுதப் படிக்கக் கற்றது எங்கள் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கில்தான். ஜன்னலுக்கு வெளியே பேக்டரி மட்டும் ராத்திரி முழுக்க ஜொலிக்கும்.

யாரையும் திட்ட இதை எழுதவில்லை. எந்திரத்துக்கு முதலில், மனிதனுக்குக் கடைசியில் என்பது மலையின் பழைய வழக்கம் என்று சொல்லத்தான். தம்பி மகன் "லைட்டு சும்மா கூட வர்றது" என்றபோது எனக்கு உறுத்தியது அதுதான்.

மூன்று கண்டுபிடிப்புகள் ஒரு சட்டத்தில்

மின்சார சைக்கிள் புதுசு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த சைக்கிளுக்கு 1895-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். முல்லைப்பெரியாறு அணை திறந்த அதே வருஷம்! யோசனை சரி, பேட்டரிதான் சரியில்லை. ஈய பேட்டரியின் கனத்தில் மோட்டாரின் பலம் பாதி தன்னைத்தானே தூக்குவதிலேயே போய்விடும்.

நூறு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1970-களில் கலிபோர்னியாவின் மரின் மலைகளில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மண்பாதையில் இறக்கி விளையாடினார்கள், மவுண்டன் பைக் பிறந்தது. 1991-ல் சோனி லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1993-ல் ஜப்பானில் இரண்டு காரியம் நடந்தது. யமஹா, மிதிப்பதை உணர்ந்து மோட்டார் கைகொடுக்கும் 'பாஸ்' சைக்கிளை விற்றது. நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நாகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். நீலம் வந்ததால்தான் வெள்ளை எல்.இ.டி. சாத்தியமானது. அந்த நீலத்துக்காக 2014-ல் அகசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் நோபல் பரிசு.

தம்பி மகன் போனில் படம் அனுப்பிய வண்டிக்குள் இவை எல்லாம் இருக்கின்றன: மலைக்கான சட்டமும் டயரும், லித்தியம் பேட்டரி, மிதிக்குத் துணை மோட்டார், வெள்ளை எல்.இ.டி. சைக்கிள் ஒருவழியாக அப்பா ஊருக்கு ஏறி வந்துவிட்டது. மாமாவின் குறையும் தீர்ந்தது. பேட்டரி விளக்கு வேகத்தைப் பார்ப்பதில்லை. நின்றாலும் எரியும், தள்ளினாலும் எரியும்.

தீர்ந்ததா? முழுக்க இல்லை. டைனமோவுக்குச் சக்கரம் நின்றால் ஆபத்து. இதற்குப் பேட்டரி தீர்ந்தால் ஆபத்து. ஏற்றத்தில் பேட்டரியைக் காலி செய்வது மோட்டார், கூடவே சாவது விளக்கு. வெளிச்சம் வேண்டிய அதே இடத்தில் மறுபடியும்!

எனக்கே இங்கே நடந்தது. சில வருஷங்களுக்கு முன் நவம்பரில், ஸ்வேபியன் ஆல்ப் மலைப்பக்கம் ஒரு மலிவு மின்சார சைக்கிளில் போயிருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். குளிரில் பேட்டரி வேகமாக இறங்கியது. ஒரு ஏற்றத்தின் நடுவில் மோட்டார், திரை, விளக்கு மூன்றும் ஒரே நொடியில் போய்விட்டன. காட்டுப்பாதை, மை இருட்டு. 1987 மூணாறு அப்படியே கண் முன்னால் வந்தது. ஓரமாக ஒதுங்கி நின்று போன் வெளிச்சத்தில் தள்ளிக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகுதான் இந்த ஊர்ச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். சைக்கிளில் டைனமோ கட்டாயம் என்பதை ஜெர்மனி 2013 வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பேட்டரியை நம்ப மாட்டோம் என்ற பிடிவாதம். பிறகு தளர்த்தினார்கள். ஆனால் மின்சார சைக்கிளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. விளக்குக்கு வண்டியின் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுக்கலாம். ஆனால் சார்ஜ் குறைந்து மோட்டார் நின்ற பிறகும் விளக்கு குறைந்தது 2 மணி நேரம் எரிய வேண்டும், இல்லையென்றால் மோட்டாரே டைனமோவாக மாறி விளக்கை எரிக்க வேண்டும். எழுதியவர் எவரோ, என் மாமாவைத் தெரிந்தவர் போல இருக்கிறார்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஊரில் தம்பிக்கோ மருமகனுக்கோ வாங்கிக் கொடுக்க நினைக்கும் நம்மைப் போன்றவர்களுக்காக, அவனுக்குச் சொன்னதைச் சுருக்கமாக வைக்கிறேன்.

முதலில், இங்கிருந்து கையோடு கொண்டு போகும் ஆசையை விடுங்கள். பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரி ஏறாது. சைக்கிள் பேட்டரிகளோ பெரும்பாலும் 300-க்கு மேல். பேட்டரி இல்லாமல் வண்டியை மட்டும் கொண்டு போய் என்ன செய்வது? பழுது பார்க்க ஆள் இருக்கும் ஊரில், அங்கேயே வாங்குவதுதான் புத்தி.

இரண்டாவது, சட்டம். இந்தியாவில் மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது. பதிவு, லைசென்ஸ் வேண்டாம். "வேகத்தை அன்லாக் பண்ணித் தர்றோம்" என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அன்றிலிருந்து அது சட்டப்படி வேறு வண்டி.

மூன்றாவது, மோட்டார். சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டார் விலை குறைவு, ஆனால் நீண்ட செங்குத்து ஏற்றத்தில் சூடாகித் திணறும். பெடலுக்கு நடுவில் இருக்கும் மோட்டார் வண்டியின் கியரைப் பயன்படுத்தி ஏறும், அதனால் மலைக்கு அதுதான் நல்லது, விலையும் கூட. நம் ஊரில் அந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் ஹப் மோட்டார்தான். அதை எடுத்தால் சின்னக் கியரில் நீங்களும் சேர்ந்து மிதிக்க வேண்டும், நடுவில் நிறுத்தி ஆறவிட வேண்டும். இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் இருக்க வேண்டும். ஏறுவதற்குத்தான் மோட்டார் உண்டு, இறங்குவதற்கு பிரேக் மட்டும்தான்.

நான்காவது, கணக்கு. ஆளும் வண்டியும் பையும் சேர்ந்து 95 கிலோ என்று வைப்போம். வீடு வேலை இடத்தைவிட 300 மீட்டர் உயரம் என்றால், அவ்வளவையும் மோட்டாரே தூக்க சுமார் 78 வாட்-மணி, இழப்பையும் சேர்த்து 100. அவன் பார்த்த வண்டியில் 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி, அதாவது 360 வாட்-மணி. போதும். ஆனால் பேட்டரி பழசானால் குறையும், மூணாறு ஜனவரிக் குளிரில் இன்னும் குறையும். விளக்குக்கு? முன்னும் பின்னும் சேர்த்து 5 வாட் என்றால் 2 மணி நேரத்துக்கு வெறும் 10 வாட்-மணி. மொத்தத்தில் 3 சதவீதம்கூட இல்லை. ஆகவே சார்ஜை மிச்சம் பிடிக்கிறேன் என்று விளக்கை அணைப்பதைப் போன்ற முட்டாள்தனம் கிடையாது. அந்த 3 சதவீதத்தை ஒதுக்கி வைக்காத வண்டியைச் செய்பவரை என்ன சொல்வது?

ஐந்தாவது, விளக்கு. கடையில் வைத்தே சோதித்துப் பாருங்கள். மோட்டாரை அணைத்தால் விளக்கு எரிகிறதா? சார்ஜ் தீர்ந்து மோட்டார் நின்றால் எரியுமா? கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால் எரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பின்விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள், நிறைய வண்டிகளில் முன்னால் மட்டும் வைத்துவிட்டுக் கையைக் கழுவி விடுகிறார்கள். மூணாறுப் பனிக்கு விளக்கு தாழ்வாக, ஹேண்டிலுக்குக் கீழே இருப்பது நல்லது. தலையில் கட்டும் டார்ச் பனியில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி அடிக்கும், முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். மழைத் தண்ணீர் சார்ஜ் வாயிலுக்குள் போகாத மூடி வேண்டும். பேட்டரி உள்ளேயே இருந்தாலும் கழற்ற முடிய வேண்டும். லயத்து வீட்டில் வாசலில் வைத்து சார்ஜ் போட முடியாது.

ஆறாவது, யானை. சிரிக்காதீர்கள். சின்னக்கானல் என்றாலே அரிக்கொம்பன்தான். 2023 ஏப்ரலில் அவனை மயக்க ஊசி போட்டுப் பெரியாறு காட்டில் விட்டார்கள், அவன் கம்பம் பக்கம் இறங்கி வந்துவிட, ஜூனில் தமிழ்நாடு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு போனது. அவன் போனாலும் மற்ற யானைகள் இருக்கின்றன. மின்சார சைக்கிள் சத்தம் போடாது. யானைக்கு நீங்கள் வருவது தெரியாது, உங்களுக்கு யானை நிற்பது தெரியாது. வளைவுக்கு முன் மணி அடியுங்கள், தூரத்தில் கண்டால் திரும்பிப் போங்கள், வனத்துறை எச்சரிக்கை இருக்கும் ராத்திரி வேலை இடத்திலேயே தங்கிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து எங்கள் ஜனங்கள் 70 பேர் போனார்கள். தூங்கிக்கொண்டிருந்த லயங்கள். மழையில் மின்சாரம் போய் நாளாகியிருந்தது, போன் டவரும் செத்துக் கிடந்தது. நடந்த செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆகிவிட்டது. அன்றைக்கு நான் இங்கே ஆபீசில் இருந்தேன், தம்பி வீட்டுக்குப் போன் போட்டுப் போட்டு விரல் வலித்தது. மறுநாள் சாயங்காலம்தான் அவன் குரலைக் கேட்டேன். பேட்டரி என்றால் இப்போது எனக்கு அந்த இரவும் சேர்ந்துதான் நினைவுக்கு வரும். மலையில் வெளிச்சமும் குரலும் தீராமல் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும்.

தம்பி மகன் மூன்று கடைகளில் என் கேள்வியைக் கேட்டிருக்கிறான். இரண்டு கடையில் முழித்தார்களாம். மூன்றாவது கடைக்காரர் பேட்டரி தீர்ந்துபோன வண்டி ஒன்றை எடுத்து வந்து சுவிட்சைப் போட்டுக் காட்டினார். மோட்டார் வரவில்லை, விளக்கு எரிந்தது. அந்த மாடலையே எடுத்தான். கூடவே தனி பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. அதற்கு மட்டும் காசு நான் கொடுத்தேன், மீதி அவன் தவணை. பெரியப்பாவுக்கு அவ்வளவுதான் வசதி :-)

நேற்று ராத்திரி வீடு வந்து சேர்ந்ததும் வீடியோ அனுப்பினான். பனிக்குள் ஒரு வெள்ளை வட்டம் மெதுவாக ஏறி வருகிறது. நடை வேகம்தான். வெளிச்சம் குறையவே இல்லை. அதை அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "எந்தம்பி இருந்திருந்தா இதுக்கு எவ்வளவு பெருமைப்பட்டிருப்பான்?"

டிஸ்கி: மாமாவின் அந்த டைனமோ உடையவில்லை. என் மேசை மேல் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. விரலால் சுற்றினால் இப்போதும் பாடுகிறது.